அம்பத்தூர் நாட்டு இளவேனில்

பருவங்களை ஆறாகப் பிரித்த தமிழ்க் கணக்கில் இளவேனிலுக்கு உரியவை சித்திரையும் வைகாசியும். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் என்று விரியும் சமவெளியில் அந்தக் கணக்கு சற்று முன்கூட்டியே ஓடுகிறது. மாசி நடுவிலேயே பனி விலகிவிடும். பங்குனியில் புங்க மரங்கள் பழைய இலையை உதிர்த்துத் துளிர்த்திருக்கும். சித்திரை பிறக்கையில் அடிப்பது முழுக் கோடை வெயில். கடற்காற்று கரையைத் தொட்டு, நகரத்தைக் கடந்து, அம்பத்தூரை எட்டுவதற்குள் பிற்பகல் கழிந்துவிடும். மயிலாப்பூரில் முகத்தில் காற்று படும் வேளையில் இங்கே புழுக்கம் தணிந்திருக்காது. இப்படிப்பட்ட நிலத்தில் வசந்தத்தைக் காற்றிலும் குளிர்ச்சியிலும் தேடினால் அகப்படாது. மாசியில் தொடங்கி வைகாசி விசாகத்தில் முடியும் விழாக்களின் வரிசையே இவ்வூர்களின் வசந்தம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அம்பத்தூரைச் சுற்றிய பகுதி புழற்கோட்டத்தைச் சேர்ந்த அம்பத்தூர் நாடு. தொண்டை மண்டலத்தில் கோட்டங்கள் இருபத்து நான்கு என்பது மரபு. ஒவ்வொரு கோட்டத்துக்குள்ளும் சில நாடுகள். நாடு என்பது அன்று உழவர் குடியிருப்புகளின் தொகுதி. ஓர் ஏரி, அதன் பாசனத்தில் விளையும் வயல்கள், அந்த விளைச்சலில் ஒரு பங்கு சென்று சேரும் கோயில் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஓர் ஊர். அத்தகைய ஊர்கள் சில சேர்ந்தால் ஒரு நாடு. இன்று அந்த எல்லைகள் எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் அதன் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆயிற்று. 1960களில் எழுந்த தொழிற்பேட்டை வயல்களின் மேல் அமர்ந்தது. வயல் போனது, ஏரி சுருங்கியது. விழா நாள் மட்டும் பஞ்சாங்கத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த நாள்கள் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் குவிந்ததற்கு உழவே காரணம். தையில் சம்பா அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும். நவரைப் பட்டம் போட்டவர்களும் சித்திரைக்குள் கதிர் அறுத்துவிடுவார்கள். ஆள்களுக்கு வேலை குறைவு, கையில் நெல் இருக்கிறது, மழைக்கு வாய்ப்பில்லை. தேர் ஓடுவதற்கு இறுகிக் காய்ந்த தெரு வேண்டும். ஐப்பசிச் சேற்றில் தேரை நகர்த்த முடியாது. விடிய விடியக் கூத்துப் பார்க்க ஈரமில்லாத தரை வேண்டும். ஏரியில் நீர் வற்றி, வண்டல் அள்ளிக் கரையைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு உகந்த காலமும் இதுவே. ஊர் மொத்தமும் ஓரிடத்தில் கூடக்கூடிய மாதங்களில் தெய்வமும் வெளியே வந்தது.

இந்த ஊர்களில் பலவற்றை இன்று வரிசையாகக் கோர்ப்பது ரயில் பாதை. 1856 ஜூலை 1இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போயிற்று. இப்போது சென்ட்ரலில் ஏறும் அரக்கோணம் மின்தொடர் வண்டி கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருநின்றவூர், புட்லூர், திருவள்ளூர், திருவாலங்காடு என்று நின்று செல்கிறது. அலுவலக நேரத்தில் இவை ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் ஏறி இறங்கும் நிலையங்கள். குறிப்பிட்ட ஒரு நட்சத்திரம் கூடும் நாளில் அதே நிலையத்தில் பூக்கூடையோடும் தூக்குச் சட்டியோடும் குடும்பங்கள் இறங்குகின்றன.

வரிசையின் தொடக்கம் மாசி. மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். புட்லூரில் அங்காள பரமேசுவரி நிறைசூலியாக மண்ணில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பூங்காவனத்தம்மன் என்றும் பெயர் பெற்ற இந்த அம்மனின் திருமேனி ஒரு மண் புற்று. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஆண்டு முழுவதும் வருகிறார்கள். மயானக் கொள்ளை நாளில் வேண்டுதல்காரர்கள் காளி வேடமிட்டு, உடுக்கையும் பம்பையும் முழங்கச் சுடுகாட்டுக்குப் போவதும், தானியமும் காய்கறியும் காசும் கூட்டத்தின் மேல் சூறையிடப்படுவதும் அங்காளம்மன் கோயில்களின் பொது வழக்கம். அறுவடையின் மிச்சத்தை மயானத்தில் இறைத்துவிட்டுத் திரும்பும் இந்தச் சடங்கோடு வேனில் கணக்கு தொடங்குகிறது என்பது தற்செயலாக இருக்க முடியாது. விதைநெல்லும் பிணமும் ஒரே மண்ணுக்குள் போகின்றன என்பது உழவருக்குப் புதிய செய்தியல்ல.

பூந்தமல்லியின் மாசி வேறு வகை. மிருகசீரிடத்தில் திருக்கச்சி நம்பிகளின் அவதார விழா. இராமானுசருக்கு மூத்த சமகாலத்தவரான நம்பிகள் பிறந்த ஊர் இது. வணிகர் குலத்தில் பிறந்த அவர் பூ பயிரிட்டுத் தொடுத்துக் காஞ்சி வரதராசருக்குக் கொண்டுபோய்ச் சாத்தியதாகவும், அங்கே திருவாலவட்டம் வீசும் கைங்கரியம் செய்ததாகவும் வைணவ மரபு சொல்கிறது. இராமானுசரின் ஐயங்களுக்கு வரதராசர் நம்பிகள் வழியாகவே ஆறு வார்த்தைகளில் விடை சொன்னார் என்பது குருபரம்பரைச் செய்தி. பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி. மல்லிகைக்கு வரத்து பெருகும் பருவம் மாசிக் கடைசியில் தொடங்குகிறது. பூவுக்குப் பேர்பெற்ற ஊரின் முதல் விழா அப்போது வருவது பொருத்தமானது. இன்று பூ பெரும்பாலும் கோயம்பேட்டிலிருந்து வருகிறது. ஆயினும் மிருகசீரிட நாளில் நம்பிகள் சந்நிதியில் பூச்சாத்து குறைவதில்லை.

பங்குனியில் கவனம் திருநின்றவூருக்கும் திருவாலங்காட்டுக்கும் நகர்கிறது. திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாளுக்குப் பங்குனிப் பிரம்மோற்சவம். திருமங்கையாழ்வார் பாடிய தலம். தாயாருக்கு என்னைப் பெற்ற தாயார் என்று பெயர். சமுத்திரராசன் தன் மகளைத் தேடி வந்து அப்படி அழைத்தான் என்பது தலக்கதை. பிரம்மோற்சவத்துக்கு வருகிறவர்களில் பலர் அதே ஊரிலுள்ள இருதயாலீசுவரர் கோயிலையும் பார்க்காமல் போவதில்லை. அந்தக் கோயில் பூசலார் நாயனாரின் கதையிலிருந்து எழுந்தது. கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார் மனத்துக்குள் கல் சேர்த்து, அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் வந்து, நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். மன்னன் தேடிவந்து பார்த்தபோது ஊரில் கோயில் எதுவும் இல்லை. அந்தக் கற்றளி இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயில் என்பது பரவலான கருத்து. இதயநோய் உள்ளவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்வது பிற்கால வழக்கம். ஒரு மனிதன் மனத்தில் கட்டியதைப் பின்னால் வந்தவர்கள் கல்லில் கட்டிவைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர் உண்மையில் பார்ப்பது கதையின் நிழலைத்தான்.

திருவாலங்காடு இந்த வழியில் சற்று ஒதுங்கியிருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்குச் சில கிலோமீட்டர் போக வேண்டும். ஆலங்காட்டில் காளியோடு ஆடிக் காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவம் நடந்த இடம் என்பதால் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. இங்கே பங்குனி உத்திரப் பெருவிழா நடக்கிறது. உத்திரத்துக்கு மூன்றாம் நட்சத்திரமான சுவாதியில் காரைக்காலம்மையார் இறைவனடி சேர்ந்த நாள் வருகிறது. பேயுருவை வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலைக்குச் சென்ற அம்மையார் ஆடலைக் காண வந்து தங்கிய காடு இது. உத்திரத்துக்குக் கூட்டம் பெரிது. சுவாதிக்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு அந்த நாளின் எடை அதிகம். தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் முதல் குரல்களில் ஒன்று ஒரு பெண்ணின் குரல், அது சுடுகாட்டைப் பாடிய குரல் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஊர் அது. இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கிடைத்தன. 31 ஏடுகள் கொண்ட அந்தத் தொகுதி சோழர் வரலாற்றின் முதன்மையான சான்றுகளில் ஒன்று.

சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவுக்குத்தான் முதல் மரியாதை. மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்த பச்சடி வீட்டில். கோயிலில் பஞ்சாங்கம் படித்தல். சில நாள்களுக்கு முன்னரே தெலுங்கு பேசும் வீடுகளில் உகாதிக்கு அதே பூவும் அதே மாங்காயும் வேறு பெயரில் பச்சடியாகியிருக்கும். எல்லையோர மாவட்டத்தின் இயல்பு அது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த மாவட்டத்தில் மொழி எல்லை வீட்டுச் சமையலுக்குள் நுழைந்ததில்லை.

இந்த மாதத்தில் அம்பத்தூர் நாட்டின் நடுவிடம் வடதிருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் கோயில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கிறது. தொண்டைமான் குறும்பர்களோடு போரிட்டுத் திரும்பும் வழியில் யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்க, அவன் வாளால் கொடியை வெட்ட, கீழே மறைந்திருந்த இலிங்கத்தின் மேல் வெட்டுப்பட்டுக் குருதி பெருகியது என்பது தலபுராணம். தன் கழுத்தை அறுத்துக்கொள்ள முனைந்த மன்னனைத் தடுத்த இறைவன் போருக்குத் துணையாக நந்தியை அனுப்பினாராம். அதனால் நந்தி கருவறைக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்து அமர்ந்திருக்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் கருவறைக்கு முன் நிற்கின்றன. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டுப் பார்வையிழந்த சுந்தரர் இங்கே வந்து பாடினார். வெட்டுப்பட்ட இறைவனும் கண்ணிழந்த அடியவரும் ஒருவரையொருவர் கண்ட தலம் என்று இதைச் சொல்லலாம்.

வெட்டுக்காயத்துக்கு மருந்தாக இலிங்கத்தின் மேல் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தை ஒட்டி மட்டும் காப்பு களையப்படுகிறது. புதுக் காப்பு சாத்தும்வரை திருமேனியைக் காணலாம். சூரியன் மேடத்தில் இருக்கும்போது சந்திரன் சதயத்தில் நிற்பது எப்போதும் தேய்பிறையில்தான். ஆகவே இது நிலாக் கால விழா அல்ல, இங்கே வாணவேடிக்கையும் முக்கியமல்ல. வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு தழும்பைப் பார்க்க நிற்கிறார்கள். எந்த மாதத்தில் வந்தாலும் தூங்கானை மாட விமானம் இருக்கும், நந்தி இருக்கும், எருக்கந்தூண்கள் இருக்கும். திருமேனி மட்டும் நாள் அறிந்து வந்தவருக்கே.

ரயில் பாதையில் சற்றுக் கிழக்கே, பாடியில் திருவலிதாயம். கருங்குருவி வடிவில் பரத்துவாச முனிவர் வழிபட்ட தலம், ஞானசம்பந்தர் பாடியது. இங்கும் விமானம் தூங்கானை மாடம், சித்திரையில் பிரம்மோற்சவம். குரு வழிபட்ட தலம் என்பதால் குருப்பெயர்ச்சி நாளில் கூட்டம் அலைமோதுகிறது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் பலமாடித் துணிக்கடைகளுக்கும் பெயர்பெற்ற பாடியில் இப்படியொரு பல்லவ காலப் பாடல்பெற்ற தலம் இருப்பதை மேம்பாலத்தில் போகிறவர்கள் பலர் அறிவதில்லை.

மேற்கே திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளுக்குச் சித்திரைப் பிரம்மோற்சவம். கருட சேவைக்கும் தேருக்கும் சுற்றுவட்டாரம் முழுவதும் திரளும். சாலிகோத்திர முனிவரின் தலையில் வலக்கை வைத்துப் பள்ளிகொண்ட பெருமாளை மக்கள் வைத்திய வீரராகவர் என்கிறார்கள். குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்பது நம்பிக்கை. சித்திரா பௌர்ணமியில் இன்னொரு வழக்கம் உண்டு. மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் பௌர்ணமியன்று ஒரே நாளில் தரிசிப்பவர்கள் காலையில் மேலூரில் தொடங்கி மாலையில் முல்லைவாயிலில் முடிக்கிறார்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் அமைந்தால் சிறப்பு. இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகளாக மூவரையும் கொள்வது மரபு. வடசென்னையை மேற்குப் புறநகரோடு இணைக்கும் இந்தச் சுற்றுக்கு அந்த நாளில் வேன் அமர்த்துவோர் பலர்.

கோயில் விழாக்களுக்கு இணையாக இன்னொரு வேனில் வரிசை ஊர்ப்புறத்தில் ஓடுகிறது. அது பாரதக் கூத்து. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி வைகாசி தாண்டியும் அக்னி வசந்த விழா நடக்கும். காப்புக் கட்டி, கொடியேற்றி, பிற்பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் அன்று சொன்ன கதையே கூத்தாகும். அர்ச்சுனன் தபசு நாளில் வேடம் கட்டியவர் உயரமான பனைமரத் தூணில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சையையும் விபூதியையும் குழந்தை வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குவார்கள். பகாசுரனுக்குச் சோற்று வண்டி புறப்படும் நாளில் ஊரே வீமனுக்குச் சோறு போடும். பதினெட்டாம் போர் முடியும் காலையில் படுகளம் எனப்படும் திடலில் துரியோதனனின் பெரிய மண்ணுருவம் மல்லாந்து கிடக்கும். அதன் தொடை பிளக்கப்பட, திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி. கட்டியங்காரன் இடையிடையே விலைவாசியையும் வார்டு அரசியலையும் கிண்டல் செய்வது இந்தக் கூத்தின் இலக்கணத்துக்குள் அடங்கியது. மனை விற்பனைப் பலகைகள் நிறைந்த இடங்களில் திடல் கிடைப்பது அரிதாகிவிட்டது. பள்ளி மைதானத்திலும் தெருமுனையிலும் ஆட்டம் சுருங்கினாலும், படுகளத்துக்கு மண் கொட்ட இடம் தேடியாக வேண்டும் என்பதால் ஊர்ப் பொதுநிலம் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கும் வேலையையும் இந்த விழா செய்துவருகிறது.

ஏரிகளின் வேனில் தனி. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் மாசி, பங்குனியில் நீர் இறங்கி விளிம்பில் சேறு வெளிப்படும்போது நாரைகளும் உள்ளான்களும் அங்கே இரைதேடுகின்றன. வலசை வந்த வாத்துகள் சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும். கூழைக்கடாக்கள் சில தங்கும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019இல் பசுமைப் பூங்கா அமைந்த பிறகு ஆவடிக்காரர்களின் மாலை நடைக்கு அதுவே இடம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. பறவை பார்க்கப் போகிறவர் நுரையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். மேற்கே கொசத்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம். அதன் அருகே தொல்பழங்கால அருங்காட்சியகமும், சுற்றுப்புறத்தில் குடியம் குகைகளும் அத்திரம்பாக்கமும் உள்ளன. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த அத்திரம்பாக்கக் கற்கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. இவற்றைப் பார்க்க விரும்புவோர் பங்குனி முதல் பாதிக்குள், அதுவும் காலையில் போய்விடுவது நல்லது.

மரங்கள் தம் முறையைத் தவறவிடுவதில்லை. தொழிற்பேட்டைச் சாலைகளில் தூங்குமூஞ்சி இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். சித்திரையில் சரக்கொன்றை, அதன் பின் மயில்கொன்றை. திருவள்ளூர்ப் பக்கத்துத் தர்பூசணி மாசியிலேயே சாலையோரம் குவிந்துவிடும். சித்திரையில் நுங்கு வண்டிகள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வரிசைகட்டும். பங்கனப்பள்ளி மாம்பழம் சித்திரைக் கடைசியில் மலிவாகும். குயில் சத்தம் ஷிப்டு சங்கோடு போட்டியிடுகிறது.

தொழிற்பேட்டைக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு. அதில் ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளும் புத்தாண்டும் ஒன்றாக வரும் விடுமுறை. மே முதல் நாள் தொழிற்சங்கக் கொடியேற்றம். சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாட்டில் நிறைவேறியது ஆவடியில்தான். பின்னர் அதே ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை வந்தது. வட மாவட்டங்களிலிருந்தும், பிறகு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த நாட்டின் நட்சத்திரங்கள் அயலானவை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமையில் தேர் வந்தால் வடம் பிடிக்கிற கைகளில் அவர்களுடைய கைகளும் இருக்கின்றன. விழாக்களும் வளைந்து கொடுத்திருக்கின்றன. தேரோட்டத்துக்கு மின்கம்பியைக் கழற்றுவதும், வெயிலுக்கு அஞ்சி உலாவை இரவுக்குத் தள்ளுவதும், வார இறுதிக்குத் தீமிதியைப் பொருத்துவதும் வழக்கமாகிவிட்டன. நட்சத்திரத்தோடு பிணைந்த நாள்களை மட்டும் யாரும் நகர்த்துவதில்லை. சதயம் புதன்கிழமையில் வந்தால் காப்பு புதன்கிழமையில்தான் களையப்படும்.

இதனால் வெளியூர்க்காரர் இந்தப் பகுதிக்கு வரத் திட்டமிடும்போது வரைபடத்தை விடப் பஞ்சாங்கமே உதவும். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். நடுப்பகல் வெயிலும் அதற்கு ஒத்துவரும். சாதாரண நாளில் இறங்குகிறவருக்கு அம்பத்தூர் ஆலைகளும் அடுக்ககங்களும் நிறைந்த புறநகர். விழா நாளில் அதே தெருக்களில் சுவாமி வலம் வரும் பாதை, நின்றுபோன ஒரு நாட்டின் எல்லையை அளந்து காட்டுகிறது.

வைகாசி விசாகம் முருகன் கோயில்களோடு கழிகிறது. மே மாதக் கடைசியில் அக்னி நட்சத்திரம் முடிய, ஜூனில் பள்ளி திறக்கிறது. தேர்கள் தகரக் கொட்டகைக்குள் போய்விடும். அடுத்த திருவிழாக் காலம் ஆடியில், திருவேற்காட்டுக் கருமாரியம்மனோடும் பெரியபாளையத்துப் பவானியம்மனோடும் தொடங்கும். அது கூழுக்கும் வேப்பிலைக்கும் உரிய காலம்.